சிக்னல் மேடம்

வெள்ளைப் பலகையில் கேள்வியை எழுதி முடித்ததும் மார்க்கர் பேனாவின் மூடியை ‘டக்’ என்று மூடுவார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு மேடம் பேசமாட்டார். மாணவர்களில் யாராவது வாயைத் திறந்தால்தான் வகுப்பு மேலே நகரும்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். கணக்கு வாத்தியார்கள் பதிலுக்காகத்தான் கேள்வி கேட்கிறார்கள் என்று நம்புகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். நாங்கள் கேள்வி கேட்பது மூச்சு விட்டுக்கொள்ள. “எக்ஸ் ஸ்கொயரோட டெரிவேட்டிவ் என்ன? டூ எக்ஸ். கரெக்ட். வெரி குட்.” கேட்டவன் நான், பதில் சொன்னவன் நான், பாராட்டியவனும் நான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி வெறும் சாட்சி.

மேடம் மட்டும் நிஜமாகவே கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மின்விசிறி சுற்றும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். கடைசி பெஞ்சில் ஒருவன் இருமத் தொடங்கி, அதையே பதிலாக எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயந்து பாதியில் நிறுத்துவான். மேடம் சன்னலைப் பார்க்கமாட்டார், கடிகாரத்தைப் பார்க்கமாட்டார். முகத்தில் கோபம் இருக்காது, சிரிப்பும் இருக்காது. பஸ் எப்படியும் வரும் என்று தெரிந்தவர்கள் நிறுத்தத்தில் நிற்பார்களே, அப்படி ஒரு நிற்பு.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சிக்னல் மேடம். “மச்சான், ரெட் விழுந்துடுச்சுடா” என்று கிசுகிசுத்துக்கொள்வார்கள். ஒருநாள் யாரோ கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டான். “கிரீன் உங்க கையிலதான் இருக்கு” என்றார் மேடம். அதற்கப்புறம் மறுபடியும் மின்விசிறிச் சத்தம்தான்.

நான் அவரைச் சந்தித்தது ஒரு கஷ்ட காலத்தில். நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனம், நாற்பதைத் தாண்டிய என்னைக் கைகுலுக்கி வெளியே அனுப்பியிருந்தது. எப்போதோ படித்த எம்.எஸ்சி. கணிதமும் எம்.ஃபில்லும் பரணில் கிடந்தன. தூசி தட்டி எடுத்துக்கொண்டுபோய்ப் பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வருடம் தகுதிகாண் காலம். அது முடிவதற்குள் ஒருநாள் ஒரு குழு என் வகுப்பில் வந்து உட்காரும். அவர்களுக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் கைகுலுக்கல்.

இந்த நிபந்தனையை என் மனைவி காதில் வாங்கவில்லை. நான் சேர்ந்த அன்றே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு ‘புரொபசர்’ என்று அறிவித்துவிட்டாள். பள்ளிக்கரணையில் எங்கள் அடுக்ககத்தின் காவலாளிகூட, “இன்னா ப்ரொபசர் சார், இன்னிக்கு காலேஜ் லீவா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இதற்கப்புறம் வேலை போனால் வீட்டையும் மாற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

என் வியாதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். அப்புறம் கால் ஆடும். அதற்கப்புறம் வாய் தானாக ஜோக் அடிக்கத் தொடங்கும். நான் நினைத்தாலும் நிறுத்த முடியாது. பல் டாக்டர் வாய்க்குள் இரும்பை வைத்திருக்கும்போதுகூட முயன்று பார்த்திருக்கிறேன்.

“ஒரு வாரம் மேடம் கிளாஸ்ல போய் உக்காருங்க. எப்படி எடுக்கறாங்கன்னு பாருங்க” என்றார் எங்கள் துறைத்தலைவர். ‘அதே மாதிரி செய்யுங்கள்’ என்பதும் அவர் குரலில் இருந்தது, ‘அதே மாதிரி செய்து தொலைக்காதீர்கள்’ என்பதும் இருந்தது.

கடைசி பெஞ்சில், என் பாதி வயதுகூட ஆகாத இரண்டு பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மேடம் பலகையில் ‘வி’ எழுத்து மாதிரி ஒரு வரைபடம் போட்டார். மாடுலஸ் எக்ஸ். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதிலிருக்கும் மைனஸைக் கழற்றிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் சாதுவான சமாசாரம். அந்த ‘வி’யின் அடிமுனையில் ஒரு புள்ளி வைத்தார்.

“இந்த இடத்துல ஸ்லோப் என்ன?”

டக்.

நேரம் போனது. யாரும் பேசவில்லை. என் காது சூடானது. கால் ஆடியது. கால் ஆடியதில் பெஞ்ச் ஆடியது. பெஞ்ச் ஆடியதில் இரண்டு பையன்களும் என்னைப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை என்பது எனக்கு ஏன் மானப் பிரச்சினையானது என்று இன்றுவரை புரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

“ஸ்லோப்பே கிடையாது மேடம்! இடதுபக்கத்துலேர்ந்து வந்தா மைனஸ் ஒண்ணு, வலதுபக்கத்துலேர்ந்து வந்தா பிளஸ் ஒண்ணு. ரெண்டும் ஒத்துப்போகல. அதனால அங்க டெரிவேட்டிவ் இல்ல!”

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டினான்.

“சார்,” என்றார் மேடம், “நீங்கதான் ஏற்கெனவே டிகிரி வாங்கிட்டீங்களே.”

அன்று மதியம் ஆசிரியர் அறையில் அவரிடம் போய், “சாரி மேடம், என்னால தாங்க முடியல” என்றேன்.

“எதைத் தாங்க முடியல?”

“யாரும் பேசாம இருக்கறதை.”

“ம்” என்றார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் என்னைப் பார்த்தார். மறுபடியும் காத்திருப்பு. எனக்கு வேறு வழியில்லை. வேலை போன கதையை எடுத்துவிட்டேன். அது நான் பல இடங்களில் அரங்கேற்றி வெற்றிகண்ட கதை. மனிதவளத் துறைப் பெண் என்னைக் கூப்பிட்டு, “உங்கள் பயணம் இன்றோடு நிறைவடைகிறது” என்றாள். “அப்ப மத்தியானச் சாப்பாடு பயணத்துல சேருமா சேராதா?” என்று நான் கேட்டேன். இந்த இடத்தில் கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. கதை இன்னும் முடியவில்லை என்று நினைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நானும் வேறு வழியில்லாமல் மேலே சொன்னேன். அன்றைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து, வண்டிச் சாவியைக் காணவில்லை என்று தேடினேன். பையைக் கொட்டித் தேடினேன். காவலாளி வந்து, “சார், கையிலயே வெச்சிருக்கீங்களே” என்றார். இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. இதில் ஜோக் எதுவும் இல்லையே.

“ம்” என்றார் மேடம். டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் தக்காளி சாதத்தை வைத்து என் பக்கம் நகர்த்தினார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறிவுரையும் இல்லை. எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பில் கொடுக்காத கடைக்காரர் மாதிரி இருந்தது.

வகுப்பில்தான் இப்படி என்று நினைத்தால், வெளியிலும் அப்படித்தான். அவர் வீடு சேலையூரில். ஒரு சாயங்காலம் தாம்பரம் கிழக்கில் ஸ்டேஷன் வாசலில் அவர் ஆட்டோ பிடிப்பதைப் பார்த்தேன். ஆட்டோக்காரர் ஒரு தொகை சொன்னார். மேடம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். “சரி மேடம், கொஞ்சம் கம்மியா குடுங்க” என்றார் ஆட்டோக்காரர். மேடம் நின்றார். “இன்னா மேடம், கேஸ் விக்கிற வெலைக்கு இதுக்கு மேல எறங்க முடியாது” என்று சொல்லிக்கொண்டே இன்னும் இறங்கினார். மேடம் அப்போதும் நின்றார். கடைசியில் அவரே, “ஏறுங்க தாயி, உங்களுக்கு இஷ்டப்பட்டதைக் குடுங்க, ஆளைப் போட்டு பேஜார் பண்ணாதீங்க” என்று மீட்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். மறுநாள் மேடத்தின் பேரத் திறமையைப் புகழ்ந்தேன். மேடம் திகைத்துப் போனார். அவர் பேரமே பேசவில்லையாம். வீட்டில் பால் இருக்கிறதா, வழியில் வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். முதலில் கேட்ட தொகையைத்தான் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். பாடத்திட்டத்தில் அவர் எப்போதும் பின்தங்கியிருப்பார். நாங்கள் எல்லோரும் தொகையீட்டுக்குள் நுழைந்திருக்கும்போது அவர் வகுப்பு இன்னும் வகையீட்டின் வாசலில் நின்றுகொண்டிருக்கும். “மேடம், உங்க செக்‌ஷன் இன்னும் ரெண்டாவது யூனிட்லயே நிக்குதே?” என்பார் துறைத்தலைவர். மேடம் யோசிப்பார். துறைத்தலைவருக்கும் என் வியாதி கொஞ்சம் உண்டு. அவரால் காத்திருக்க முடியாது. “சரி சரி, சனிக்கிழமை எக்ஸ்ட்ரா கிளாஸ் போட்டுக்குங்க” என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார். சனிக்கிழமை வரவேண்டியிருந்த மாணவர்கள் மேடத்தைத் திட்டித் தீர்த்தார்கள். ‘கேள்வி கேட்கிறார், பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்’ என்று புகாரும் எழுதிப்போட்டார்கள்.

நான் கல்லூரிக்கு வருவதற்கு முன் மேடம் ஒரு பையனைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்டிருக்கிறார். அவன் நின்றுகொண்டே இருந்திருக்கிறான், இவரும் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவன் அழுதுகொண்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவர் யாரையும் தனியாக எழுப்பியதில்லை. கேள்வியைப் பொதுவில் வைத்துவிட்டு விலகி நின்றுகொள்வார். காத்திருப்பதை மட்டும் விடவில்லை.

என் வகுப்போ தினமும் திருவிழா. சீக்கிரமே எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டேன். சிரிப்புச் சத்தம் காரிடார் வரைக்கும் கேட்கும். உள்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியபோதுதான் தெரிந்தது, என் மாணவர்களுக்கு என் ஜோக்குகள் மட்டும் வரிசை மாறாமல் ஞாபகம் இருந்தன. மேடத்தின் வகுப்பும் ஒன்றும் வெளுத்துக் கட்டிவிடவில்லை. நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி வந்தால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?

குழு வந்து உட்காரும் நாள் வந்தது. கலப்பெண்களின், அதாவது காம்ப்ளெக்ஸ் நம்பர்களின், முதல் வகுப்பு. குழுவில் மூன்று பேர்: துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்த ஒரு மூத்த பேராசிரியர், துறையின் சார்பில் மேடம். மூவரும் கடைசி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காலையில் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, “ஏங்க, ஜோக்கைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் எட்டு ஜோக்குகளை ஐந்தாகக் குறைத்து வைத்திருந்தேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. எந்த எண்ணை அதாலேயே பெருக்கினாலும் மைனஸ் வராது, ஆனால் நமக்கு மைனஸ் ஒன்று வேண்டும், அதற்காக ஒரு புது எண்ணை வரவழைக்கிறோம், அதற்குப் பெயர் ஐ, ஐயை ஐயால் பெருக்கினால் மைனஸ் ஒன்று, அதாவது ஐ என்பது ரூட் மைனஸ் ஒன்று. இந்த இடத்துக்கான ஜோக்கைச் சொன்னேன். சிரித்தார்கள். மூத்த பேராசிரியர்கூடப் புன்னகைத்தார்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“சார், ரூட் மைனஸ் ஒண்ணு பெருக்கல் ரூட் மைனஸ் ஒண்ணு. ரெண்டு ரூட்டையும் ஒண்ணா சேர்த்தா, உள்ள மைனஸ் ஒண்ணு பெருக்கல் மைனஸ் ஒண்ணு. அது பிளஸ் ஒண்ணு. ரூட் ஒண்ணுன்னா ஒண்ணுதானே? நீங்க மைனஸ் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. அப்ப ஒண்ணும் மைனஸ் ஒண்ணும் ஒரே நம்பரா சார்?”

இந்தக் கேள்வி ஒன்றும் புதிதில்லை. கலப்பெண்களைத் தொட்ட எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்பது. பதில் எனக்குத் தெரியும். முந்தைய நாள்கூடக் குளிக்கும்போது எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். இப்போது தேடினால் இல்லை. இருந்த இடம் சுத்தமாகத் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது.

காது சூடானது. “இத்தனை நாள் சண்டை போட்டுட்டிருந்தாங்க, இன்னிக்கு சமாதானம் ஆயிட்டாங்க போல” என்றது என் வாய். யாரும் சிரிக்கவில்லை. “பேங்க்ல மட்டும் போய் இதைச் சொல்லிடாதீங்க” என்றேன். அதற்கும் இல்லை. மிச்சமிருந்த ஜோக்குகளைத் தேடினேன். அவையும் பதிலோடு சேர்ந்து ஓடிப்போயிருந்தன. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசி பெஞ்சைப் பார்த்தேன். மேடம் ஒரு சின்ன ஜாடை காட்டினால் போதும், நான் பிடித்துக்கொள்வேன். அவர் தன் மாணவர்களைப் பார்க்கிற அதே முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் அவரைப் போல எனக்குப் பிடிக்காதவர் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இல்லை.

நான் நின்றேன். வேறு என்ன செய்ய?

நின்றுகொண்டே இருந்ததில், பாவம் பிள்ளைகள், நான் அவர்களுக்காக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“ஏய், ரூட்டைச் சேர்க்கற ரூல் பாசிட்டிவ் நம்பருக்குத்தானே?” என்றான் சுவரோரம் இருந்த ஒருவன்.

“யார் சொன்னா?” என்றாள் அந்தப் பெண்.

“புக்ல இருக்கு.”

“ஏன்னு இருக்கா?”

இருவரும் மாறிமாறி வாதாடினார்கள். மூன்றாவதாக ஒருத்தி எழுந்தாள். “நாலுக்கு ரூட் ரெண்டு இருக்கு, பிளஸ் ரெண்டு, மைனஸ் ரெண்டு. நாம பிளஸ்ஸை எடுத்துக்கணும்னு பேசி வெச்சிருக்கோம். அதனாலதான் அந்த ரூல் ஓடுது. மைனஸ் ஒண்ணுக்கும் ரெண்டு ரூட், ஐயும் மைனஸ் ஐயும். இதுல எது பிளஸ்? ரெண்டுமே பிளஸ் கிடையாதே! பேசி வெச்சதே இங்க செல்லாதுன்னா ரூல் எப்படிச் செல்லும்?”

ஓடிப்போன பதில் அப்போதுதான் தலைக்குள் திரும்பி வந்தது. “கரெக்ட். வெரி குட்” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மணி அடித்தது.

துறைத்தலைவர் அறையில் என்னை உட்காரவைத்தார்கள். மூத்த பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். “பிரமாதம் சார்! கேள்வியை அப்படியே கிளாஸ்கிட்ட விட்டுட்டு ஒதுங்கி நின்னீங்க பாருங்க. இப்பல்லாம் யாருக்கு அந்தப் பொறுமை? நான் இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.”

துறைத்தலைவர் என்னை நன்றாக அறிந்தவர். “எனக்கு ஒரு சின்ன சந்தேகம்” என்றார். “நம்ம சார் சும்மா நின்னு நான் பார்த்ததே இல்ல. முதுகெல்லாம் வேற நனைஞ்சிருந்தது.” மேடத்தின் பக்கம் திரும்பினார். “இந்த விஷயத்துல நீங்கதான் எக்ஸ்பர்ட். சொல்லுங்க மேடம். அவர் வேணும்னே நிறுத்தினாரா, இல்ல மறந்துபோய் நின்னாரா?”

என் வேலை அந்தப் பதிலில் தொங்கியது. மேடம் பதில் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏசி உறுமியது. மூத்த பேராசிரியர் கையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் காது சூடானது. கால் ஆடியது. மேசை ஆடியது. தண்ணீர் பாட்டிலும் ஆடியது. மேடம் இன்னும் பேசவில்லை.

“மறந்துட்டேன் சார்!” என்று கத்திவிட்டேன். “சுத்தமா மறந்துட்டேன்! ஒண்ணுமே ஞாபகம் வரல, அதான் நின்னேன்!”

மூத்த பேராசிரியர் பேனாவை மூடினார். துறைத்தலைவர் என் பக்கம் திரும்பி, “உண்மையைச் சொன்னதுக்கு சந்தோஷம்” என்றார். அந்த மாதிரி சந்தோஷத்துக்குப் பிறகு என்ன வரும் என்று நாவலூரிலேயே கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் அவ்வளவு மோசமாக வரவில்லை. தகுதிகாண் காலம் இன்னும் ஒரு செமஸ்டர் நீட்டிக்கப்பட்டது. அதன் முடிவில் ஒருவழியாக நிரந்தரம் ஆனேன். அதற்குள் மேடம் கணவரோடு திருச்சிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் பாடத்தை நேரத்துக்கு முடிக்கிறார்.

குழு வந்துபோன அன்று சாயங்காலம் பொத்தேரி ஸ்டேஷனில் தாம்பரம் பக்கம் போகிற ரயிலுக்காக மேடம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மனைவிக்கு இன்னும் போன் பண்ணவில்லை. பண்ணினால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மேடம்” என்றேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

“நீங்க என்னதான் சொல்றதா இருந்தீங்க?”

எதிர்த் தடத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனது. அதன் சத்தம் அடங்கும்வரை பேசாமல் இருந்தார். அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“வேணும்னேதான் நிறுத்தினார்னு சொல்றதா இருந்தேன்.”

நான் அவரையே பார்த்தேன்.

“பொய் சொல்லிப் பழக்கம் இல்ல சார். வாய் வரைக்கும் வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகுது. கிட்டத்தட்ட வந்துடுச்சு. அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க.”

ரயில் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளிர் பெட்டியை நோக்கி நடந்துபோய் ஏறிக்கொண்டார். நான் வாயைத் திறந்தபடி நடைமேடையிலேயே நின்றதில் அந்த ரயிலை விட்டுவிட்டேன்.